கேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம்

2022 மே மாதம். கரண்ட் இல்லாத இரவுகளில் எங்களுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு மொட்டைமாடி. பாயை விரித்துப் படுத்துக்கொண்டு ஒரு பழைய பைனாகுலரை மாறி மாறிப் பார்ப்போம். ஒருநாள் தென்கிழக்கில் சிவப்பாக நின்ற நட்சத்திரத்தைக் காட்டி, "அதுதான் கேட்டை" என்றான் ஒருத்தன். எங்களில் ஒருத்தி சட்டென்று எழும்பி இருந்தாள்.

"இதாலயா எனக்கு மூண்டு சம்பந்தம் திரும்பிப் போனது?"

எல்லாரும் சிரிச்சம். அவள் சிரிக்கேல்லை.

கேட்டையில் பிறந்தவள் மாப்பிள்ளையின் தமையனுக்கு ஆகாது என்பது சாத்திரியார்மாரின் கணக்கு. குறிப்பைப் பார்த்ததுமே கதை முடிந்துவிடும். உண்மையில் அவள் பிறந்த அன்று சந்திரன் வானத்தில் அந்தப் பக்கம் நின்றது, அவ்வளவுதான்.

அந்தக் கோபத்தில்தான் நாங்கள் கேட்டையைப் பற்றித் தேடத் தொடங்கினோம். அன்டாரிஸ் என்பது அதன் மற்றப் பெயர். சுமார் 550 ஒளியாண்டு தூரம். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். அதற்குச் சற்று மேற்கே, பைனாகுலரில் மங்கலான புகைபோல ஒன்று தெரியும். அது எம் 4 என்ற கோளக் கொத்து. கேட்டையோடு அதற்குச் சம்பந்தமில்லை. அதையும் தாண்டி சுமார் 6,000 ஒளியாண்டு தொலைவில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் நெருக்கியடித்து நிற்கிற கூட்டம்.

நட்சத்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று எப்படி அறிவது? அம்மம்மா பலாப்பழத்தை வெட்டாமலே தட்டிப் பார்த்து, பழுத்ததா இல்லையா என்று சொல்லுவா. நட்சத்திரத்தை யாரும் தட்டத் தேவையில்லை. உள்ளே கொதிக்கும் வாயுவே ஒலி அலைகளை எழுப்பும். அந்த அலைகளால் நட்சத்திரம் மெல்ல விம்மித் தணியும், வெளிச்சமும் கூடிக் குறையும். சூரியனில் இது ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, பத்து லட்சத்தில் சில பங்கு அளவில்தான் நடக்கிறது. அந்தத் தாளத்தை அளந்து உள்ளே இருப்பதைக் கணிப்பதுதான் விண்மீன் அதிர்வியல். பகலும் காற்றும் குறுக்கிடாமல் நாட்கணக்காகப் பார்க்க வேண்டும் என்பதால் விண்வெளிக்குப் போகவேண்டி இருக்கு.

2011இல் கெப்ளர் தொலைநோக்கியின் தரவுகள் ஒரு விசயத்தைக் காட்டின. வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் செம்பூதங்களில் சில நடுவில் ஹீலியத்தை எரிக்கின்றன. மற்றவை நடுவைச் சுற்றி ஹைட்ரஜனைத்தான் எரிக்கின்றன. வித்தியாசத்தை அதிர்வு மட்டுமே சொன்னது.

2014இல் அதே கெப்ளர் எம் 4ஐ இரண்டு மாதத்துக்கு மேல் பார்த்தது. ஆனால் அதன் கண் நெருக்கடியான கூட்டத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. பக்கத்துப் பக்கத்து வெளிச்சங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. முதலில் எட்டு நட்சத்திரங்களின் அதிர்வைத்தான் பிரித்தெடுக்க முடிந்தது.

இந்தக் குறையைத் தீர்க்க முன்வைக்கப்பட்டதுதான் ஹைடன் என்ற விண்கலம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 'வோயேஜ் 2050' திட்டமிடலுக்காக எழுதப்பட்ட யோசனைகளில் அதுவும் ஒன்று. கூர்மையான பார்வையுள்ள தொலைநோக்கியைக் கொத்துகளின் பக்கம் திருப்பி, நெடுநாள் அசையாமல் பார்க்க வேண்டும் என்பதே அதன் எண்ணம். ஒரு கொத்தில் இருப்பவை பெரும்பாலும் ஒன்றாகப் பிறந்தவை, ஒரே வயதுக்காரர். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டால், நட்சத்திரங்களின் வயதை நாம் கணிக்கும் முறையே சரிதானா என்று சோதிக்கலாம்.

முன்மொழிந்ததெல்லாம் பறப்பதில்லை. எடிங்டன் என்று இதே வேலைக்காகத் திட்டமிட்ட ஒரு விண்கலத்தை 2003இல் காசில்லை என்று கைவிட்டார்கள். விஞ்ஞானிகள் சோர்ந்துபோகாமல் மறுபடி எழுதினார்கள். திரும்பத் திரும்ப விண்ணப்பிப்பது என்னவென்று இந்த நாட்டுப் பெடியளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதையெல்லாம் வாசித்துச் சொன்ன அன்று அவள் கனநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்:

"ஆறாயிரம் ஒளியாண்டு தள்ளி நிக்கிற எட்டு நட்சத்திரத்திட்டக் காது குடுத்துக் கேட்டிருக்கினம். மூண்டு தெரு தள்ளி இருக்கிற என்னட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை."

இந்த முறை நாங்கள் சிரிக்கேல்லை. பைனாகுலரை அவளிடம் குடுத்தம்.