கேட்காமல் விட்ட கேள்வி

(இளம் அறிவியல், வேதியியல், இரண்டாம் ஆண்டு)

ஏற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளில் தொடங்கி, ஏரியில் படகு விட்டு, பகோடா முனையில் நின்று, லேடீஸ் சீட்டிலிருந்து இரவில் சேலத்து விளக்குகளைப் பார்த்து, சேர்வராயன் கோவிலில் முடிப்பது வழக்கம். நான் அந்த மலையிலேயே, ஒரு காப்பித் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ஆகவே அவற்றை வியந்து எழுத எனக்கு வரவில்லை. நான் எழுதப் போவது அங்குள்ள ஒரு பெரிய ஓட்டலின் சாப்பாட்டு மேசையைப் பற்றி.

இதற்கெல்லாம் காரணம் எங்கள் வேதியியல் வகுப்பு என்றால் நண்பர்கள் நகைப்பார்கள். அமினோ அமிலங்களைப் பற்றிய பாடத்தின்போது எங்கள் பேராசிரியர் மையார் வினையை விளக்கினார். 1912ஆம் ஆண்டு லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலார் விவரித்த வினை அது. அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப் பொருள்களையும் தருகின்றன. தோசையின் முறுகல், ரொட்டியின் மேல்தோல், வறுத்த காப்பிக்கொட்டை, சுட்ட இறைச்சி எல்லாவற்றிலும் இந்த வினைக்குப் பங்கு உண்டு. "இதை நன்றாகப் பார்க்க வேண்டுமானால் ஒரு ஸ்டேக்கைப் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். எனக்கு மட்டும் அந்தச் சொல் மனத்தில் தங்கிவிட்டது.

ஸ்டேக் என்பது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. மாட்டின் நல்ல சதையைக் கனமான துண்டாக வெட்டி, நன்கு காய்ந்த இரும்பில் இரு புறமும் சுட்டு எடுப்பது. எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் மாட்டுக்கறிதான். மற்ற கறியைவிட விலை குறைவு என்பது முதற் காரணம். பள்ளியில் படித்தபோது திங்கட்கிழமைகளில் என் டிபன் டப்பாவின் மூடியைப் பாதிதான் திறப்பேன். அதே கறி ஒரு துண்டு, எங்கள் மலையிலேயே, ஒரு ஓட்டலின் விலைப்பட்டியலில் 1,150 ரூபாய் என்று இருந்ததைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நாள் அதைக் கேட்டு வாங்கி, மூடாமல் வைத்துச் சாப்பிட வேண்டும் என்று தோன்றியது.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பேருந்துக்கும் புத்தகத்துக்கும் போக மிஞ்சியதைச் சேர்த்து வைத்தேன். சென்ற தை மாதம் பழம் பறிப்பு ஓய்ந்து அப்பாவுக்கு இரண்டு நாள் விடுமுறை கிடைத்தபோது அவரை அழைத்துக்கொண்டு போனேன். அம்மா வர மறுத்துவிட்டாள். "அந்தக் காசுக்கு ஒரு மாசம் சமைப்பேன்" என்பது அவளுடைய கட்சி.

அப்பாவைப் பற்றி இரண்டு சொல் சொல்ல வேண்டும். அவர் 27 ஆண்டுகளாகத் தோட்டத்தின் பல்பர் கொட்டகையில் இருப்பவர். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820களில் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அன்று முதல் இன்று வரை அந்தப் பழத்தைக் கொட்டையாக்குவது எங்களைப் போன்றவர்களின் கை. பறித்த அன்றே பழத்தின் தோலை உரிக்க வேண்டும். கொட்டையைச் சுற்றியுள்ள வழுவழுப்புப் போகும்வரை தொட்டியில் புளிக்க விட வேண்டும். பிறகு கழுவிக் களத்தில் காய வைக்க வேண்டும். புளிப்பு ஒரு பொழுது கூடினாலும் அப்பாவுக்கு மூக்கிலேயே தெரிந்துவிடும். வீட்டில் இரும்புச் சட்டியில் அவரே கொட்டை வறுப்பார். மையார் வினை அவருக்குப் பெயர் தெரியாத பழைய நண்பன்.

ஓட்டலில் ஏரியைப் பார்த்த சன்னலோரம் நான்கு மேசைகள் காலியாக இருந்தன. மேற்பார்வையாளர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் ரிசர்வ்" என்று சொல்லி, சமையலறைக் கதவுக்கு அருகில் ஒரு மேசையைக் காட்டினார். நாங்கள் எழுந்து வரும்வரை அந்த நான்கில் மூன்றில் ஒருவரும் வந்து உட்காரவில்லை. "என்ன வேணும்ப்பா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பாவுக்கு வயது 52; அவருக்கு முப்பதுகூட இராது. விலைப்பட்டியலை நான் கையில் எடுத்ததும், "ரேட்டைப் பாத்துக்கம்மா" என்றார்.

ரேட்டைப் பார்த்துத்தான் வந்திருக்கிறோம் என்று சொன்னேன். எனக்கு ஸ்டேக், அப்பாவுக்குச் சோறும் மீன் குழம்பும்.

சிறிது நேரம் கழித்து வெளியூர்த் தம்பதியர் ஒருவர் வந்தனர். அவர்களுக்குச் சன்னலோர மேசை உடனே கிடைத்தது. அவர்களும் ஸ்டேக்தான் கேட்டார்கள். உடனே அதே மேற்பார்வையாளர் குனிந்து, "எப்படி வேணும் சார்? ரேர், மீடியம், வெல் டன்?" என்று கேட்டார். நான் படித்துவிட்டு வந்திருந்தேன். உள்ளே சிவப்பாக இருப்பது முதல் முழுதும் வெந்தது வரை அதில் படிகள் உண்டு. எந்தப் படியில் வேண்டும் என்று சாப்பிடுகிறவரைக் கேட்டுத்தான் அடுப்பில் வைக்க வேண்டும். என்னிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. கேட்டிருந்தால் "மீடியம்" என்று சொல்ல நான் தயாராக இருந்தேன். பேருந்திலேயே இரண்டு முறை சொல்லிப் பார்த்திருந்தேன்.

முக்கால் மணி நேரத்துக்குப் பின் வந்த தட்டில் ஈரமாக, சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு இருந்தது. காரணம் எனக்குப் புரிந்தது. கறியின் மேல் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு நீரின் கொதிநிலையைத் தாண்டாது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் அந்தக் கொதிநிலையும் சுமார் 95 பாகைதான் (எங்கள் வீட்டில் பருப்பு வேக ஏன் இத்தனை நேரம் என்று அம்மா கேட்டதற்கு என்னால் சொல்ல முடிந்த விடை இது). பழுப்பு நிறம் வரவோ 140 பாகை அளவில் சூடு வேண்டும். கல் காயும் முன்பே கறியைப் போட்டால் அது சுடப்படுவதில்லை, தன் நீரிலேயே வேகிறது. அந்தத் தட்டில் மையார் வினை நடக்கவே இல்லை.

மேற்பார்வையாளரை அழைத்து, இது சரியாகச் சுடப்படவில்லை என்று சொன்னேன். "ஸ்டேக் இப்படித்தாம்மா இருக்கும். முதல் தடவையா?" என்றார். சன்னலோரத் தட்டில் இருந்த துண்டு நல்ல பழுப்பில், கம்பி வரிகளோடு, எனக்கு நன்றாகவே தெரிந்தது. நான் அதைக் கையால் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

முதல் தடவைதான். அதனால் என்ன? முதல் தடவை வருகிறவருக்கு அல்லவா கூடுதலாகச் சொல்லித் தர வேண்டும்? என் மாமா சேலத்தில் ஒரு மெஸ்ஸில் சப்ளையர். இலை முன் யார் உட்கார்ந்தாலும் அவர் முதலில் தண்ணீர் வைப்பார், "சோறு குழைவா வேணுங்களா, விறைப்பா வேணுங்களா?" என்று கேட்பார். 80 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு அந்தக் கேள்வி உண்டு. விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர் என்று தமிழ் வகுப்பில் படிக்கிறோம். அது வீட்டுக்கு வரும் விருந்தினருக்கு என்றும், காசு கொடுத்துச் சாப்பிடுவோருக்குப் பொருந்தாது என்றும் ஒருவர் வாதாடலாம். எனக்கு என்னவோ மாமா அந்த அதிகாரத்தைப் படிக்காமலே தேறிவிட்டார் என்று தோன்றுகிறது.

நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, சாதி, மதம், இனம், பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டிக் கடையிலோ பொது உணவு விடுதியிலோ ஒருவரை நுழையாமல் தடுக்கக் கூடாது என்கிறது. பெரிய பாதுகாப்பு அது. என் தாத்தா காலத்துக் கதைகளைக் கேட்டவள் நான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்களை யாரும் தடுக்கவில்லையே! கதவைத் திறந்துதான் விட்டார்கள். அப்பாவின் ரப்பர் செருப்பைப் பார்த்து எந்த மேசை என்று முடிவு செய்ததை எந்தப் பிரிவின் கீழ் கொண்டுவருவது?

காப்பி வந்தது. பட்டியலில் அதற்கு 'ஏற்காடு எஸ்டேட் காப்பி' என்று பெயர். ஒரு கோப்பை 180 ரூபாய். அப்பா ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். "இது நம்ம மலைக் காப்பி இல்ல கண்ணு. டப்பாத் தூள்" என்றார். சமையலறைக் கதவு மேசைக்கும் ஒரு நன்மை உண்டு. கதவு ஆடியபோது உள்ளே ஒரு கண்ணாடிச் சீசாவிலிருந்து கரண்டியால் தூளை அள்ளிப் போடுவதை நான் பார்த்தேன். 27 ஆண்டுகள் கொட்டை கழுவியவரிடம் அந்தப் பெயரைச் சொல்லி அந்தத் தூளை வைத்தார்கள். அவர் கோபப்படவில்லை. நான்தான் கோபப்பட்டேன்.

பில் வந்தது. சாப்பாடும் காப்பியுமாக 1,990. சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, 199. இரண்டையும் கூட்டி அதன்மேல் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி.; ஆக 2,298 ரூபாய் 45 காசு. எந்தச் சேவைக்கு 199 என்று எனக்கு விளங்கவில்லை.

நம் கல்லூரிக் குடிமக்கள் நுகர்வோர் மன்றத்தில் இருப்பதால் ஒரு செய்தி எனக்குத் தெரிந்திருந்தது. உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதை உணவு விலையோடு கூட்டி வரி போடவும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று நெறிமுறை வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போய் அதே மாதம் இடைக்காலத் தடை பெற்றன. 2025 மார்ச் 28 அன்று அந்த நீதிமன்றம் சங்கங்களின் மனுக்களைத் தள்ளி, நெறிமுறை செல்லும் என்று தீர்ப்பளித்தது. மனமுவந்து தருவது வேறு. கேளாமல் பில்லில் ஏற்றுவது வேறு.

இதை மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "எல்லாரும் குடுக்கிறாங்கம்மா" என்றார். 1915 என்ற எண்ணுக்குப் பேசிக் கேட்டுவிடலாமா என்றேன். அவர் மேலாளரை அழைத்து வந்தார். மேலாளர் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். படிப்புக்கும் பில்லுக்கும் என்ன தொடர்போ! சொன்னேன். சற்று நேரத்தில் புது பில் வந்தது: 2,089 ரூபாய் 50 காசு. உடன் "சாரி மேடம்" ஒன்றும் வந்தது. அதுவரை நான் "அம்மா"வாக இருந்தேன்.

எங்களுக்குத் தட்டு கொண்டுவந்த பையனைப் பற்றிச் சொல்லவில்லை. என் வயதுதான் இருக்கும். வடமாநிலத்தவன், தமிழ் வராது. காலை ஆறு மணியிலிருந்து நிற்பதாக எனக்குத் தெரிந்த இந்தியிலும் அவனுக்குத் தெரிந்த ஆங்கிலத்திலுமாக விளங்கிக்கொண்டேன். தட்டின் நிறத்தைப் பார்த்து அவன் முகமே சுருங்கியது. இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றியவனும் அவன் ஒருவன்தான். அப்பா போகும்போது அவன் கையில் 50 ரூபாய் வைத்தார். அவன் முதலில் மேற்பார்வையாளர் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினான்.

ஏரிக்கரை வழியாக நடந்து வரும்போது அப்பா கேட்டார்: "அந்த 199 ரூபாயைக் கழிச்சாங்களே, அதை அந்தப் பையன் சம்பளத்துல பிடிச்சிருவாங்களா?" நெறிமுறையைத் தெரிந்து வைத்திருந்த எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. அடுத்த வாரம் சேலத்தில் மாமாவிடம் கேட்டேன். அவர் முன்பு இரண்டு ஆண்டுகள் ஒரு பெரிய ஓட்டலில் வேலை பார்த்தவர். "நான் இருந்த இடத்துல அந்தக் காசு எங்க கைக்கு வந்ததே இல்ல. வராத காசை எப்படிப் பிடிப்பாங்க?" என்றார். அப்பாவிடம் அப்படியே சொல்லிவிட்டேன். அந்த ஓட்டலிலும் அப்படித்தானா என்று அவர் மறுபடி கேட்டார்.

மாமாவுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டியிருந்தது; ஸ்டேக் எப்படி இருந்தது என்று கேட்டார். சாம்பல் நிறம் என்றேன். "கல்லு காயலை" என்றார்.