படகு போகாத தூரம்

கரையோரமாகவே பாய்மரப் படகில் கன்னியாகுமரியிலிருந்து கொல்லம் வரை போகவேண்டும் என்பது இவருடைய ஆசை. கல்யாணத்துக்கு முன்பே சொன்னது, இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாய்மரத்துக்கு நாங்கள் எங்கே போவது? கன்னியாகுமரித் துறையிலிருந்து வட்டக்கோட்டைக்குப் போகும் படகுக்குச் சீட்டு எடுத்தோம். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் 2023 மே மாதம் தொடங்கிய சேவை இது. விவேகானந்தர் பாறைப் படகில் ஏறி உட்காருவதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். இதில் கொஞ்ச நேரமாவது கடலில் இருக்கலாம்.

திருவள்ளுவர் சிலையும் பாறையும் அவற்றை இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் பின்னால் போன பிறகு கரை முழுதாகத் தெரிந்தது. எனக்கு அதிசயமாக இருந்தது கடல் இல்லை, மலைதான். ஊருக்குள் நிற்கும்போது கடைகளும் லாட்ஜுகளும் மறைத்துவிடும் மேற்குத்தொடர்ச்சி மலை, கடலில் நின்றால் கடைசி முடிச்சு வரைக்கும் தெரிகிறது. மருந்துவாழ் மலை தனியாக நிற்கிறது. கருவிகள் வருவதற்கு முன்பு இந்தக் கரைக் கடலோடிகள் ஒரு மலை உச்சியையும் ஒரு கோயில் கோபுரத்தையும் நேர்பிடித்துத்தான் நடுக்கடலில் மீன் அடையும் பார் என்ற நீரடிப் பாறையைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு மலை வேறு, கடல் வேறு இல்லை. படகு கோட்டையைக் காட்டிவிட்டுத் திரும்பியது. இவர் “அவ்வளவுதானா?” என்றார். எனக்கு வயிற்றைப் புரட்டியதால் பதில் சொல்லவில்லை.

மேற்கே போகப் படகு கிடையாது. பஸ்ஸில் மார்த்தாண்டம் போய், அங்கிருந்து ஆட்டோவில் சமணக் கோயில் இருந்த சிதறால் மலை. “கடல் பார்க்க வந்துட்டு மலை எதுக்கு?” என்று இவர் கேட்டுக்கொண்டே வந்தார். இந்த மலையில் கல்வெட்டுகள் வெட்டப்பட்ட காலத்து ஆய் மன்னர்களுக்கு விழிஞ்ஞம் துறைமுகம். மலைக்குக் கீழே ஓடும் குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேருவது தேங்காப்பட்டணத்தில். அக்காலத்தில் கடல் வழியே வந்த ஒருவருக்கு இது ஒன்றும் சுற்றுவழி இல்லை.

அடிவாரத்தில் சர்பத் விற்கும் அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “எங்கெருந்து வருதியோ மக்களே? வெள்ளம் கொண்டு போங்க, மேல கெடைக்காது. மெள்ள கேறுங்க.” கல் பாவிய பாதை, இடையிடையே உட்காரத் திண்டு. ஏற்றம் கடுமை இல்லை, ஆனால் பாறை வாங்கிய வெயிலை அப்படியே திருப்பித் தருகிறது. மேலே இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து. அதற்குள் நுழைந்ததும் சட்டென்று குளிர்ந்துவிடுகிறது.

வெளியே வந்தால் பாறை முகம் முழுக்கத் தீர்த்தங்கரர்கள். ஒவ்வொருவருக்கும் தலைக்கு மேல் முக்குடை. பெரும்பாலோர் அமர்ந்த கோலம். பார்சுவநாதர் மட்டும் பாம்புப் படத்தின் கீழ் நிற்கிறார். அம்பிகை பெரிய உருவம், அருகில் சிங்கமும் குழந்தைகளும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒன்று புரிகிறது: முகங்கள் மழையில் கரைந்து மூக்கும் கண்ணும் தட்டையாகிவிட்டன, உட்கார்ந்திருக்கும் அமைதி மட்டும் அப்படியே இருக்கிறது. சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்கள் பெயர். அச்சணந்தி என்ற பெயரை மதுரைப் பக்கத்துச் சமண மலைகளிலும் பார்க்கலாம். இன்னொருவரான வீரநந்தி திருநறுங்கொண்டை மேலைப்பள்ளியைச் சேர்ந்தவர். அந்த ஊர் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து இங்கே எத்தனை நாள் நடந்தாரோ! சமணத் துறவிக்கு வண்டியும் இல்லை, செருப்பும் இல்லை. மலைக்குத் திருச்சாரணத்து மலை என்று பெயர் வந்ததே சாரணர் எனப்பட்ட இந்தத் துறவிகளால்தான்.

என்னை அதிகம் நிறுத்தியது வேறொரு பெயர். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம். பேராயிற்குடி அரட்டநேமி பட்டாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்திகள் இங்குள்ள தேவியான பட்டாரியாருக்குப் பொன் அணி கொடுத்ததைச் சொல்கிறது. குரத்தி என்றால் சமணப் பெண் ஆசிரியர். எல்லாவற்றையும் துறந்தவர் கைக்குப் பொன் எப்படி வந்தது? படிக்க வந்தவர்கள் கொடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம். “டியூஷன் பீஸ்” என்றார் இவர்.

பாறைக்கு அடியில் அமைந்த கோயிலுக்கு முன்னால் தூண் மண்டபம், உள்ளே மூன்று கருவறைகள். மகாவீரர், பார்சுவநாதர், மூன்றாவதில் பத்மாவதி. திருவிதாங்கூர்த் தொல்லியல் துறையில் இருந்த து. அ. கோபிநாத ராவ், 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது சமணர் கையில் இருந்தது என்று முடிவு கட்டினார். அதன்பிறகு பகவதி கோயில். இடித்துப் போடவில்லை, பெயர் மாறியது, அவ்வளவுதான். நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களிலும் தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள், கும்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் அவர்களைக் கவனிப்பதில்லை.

கோயிலுக்கு மேலேயுள்ள பாறையில் சிதைந்த செங்கல் விமானம். அங்கே நின்று பார்த்தால் தென்னையும் ரப்பரும் பச்சையாகக் கிடக்க, நடுவில் ஆறு. அந்த ஆற்றின் கீழ்ப்போக்கில், முஞ்சிறைக்கு அருகே பார்த்திவபுரம். வரகுணனுக்கு முந்தைய கருநந்தடக்கன் 866இல் பெருமாள் கோயிலும் 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள், படிக்கச் சாலையும் அமைத்த ஊர். வரகுணனோ கேரளக் கரையில் இருந்த ஸ்ரீமூலவாசம் பௌத்தக் கோயிலுக்கு நிலம் கொடுத்ததாகப் பாலியம் செப்பேடு சொல்கிறது. வைணவத்துக்கும் பௌத்தத்துக்கும் கொடுத்த அதே குடும்பத்தின் ஆட்சியில்தான் இந்தச் சமணக் கோயிலும் இருந்திருக்கிறது. தாராள மனசு என்று சொல்லிவிடலாம். துறைமுகம் வைத்திருப்பவன் வருகிற எல்லோரையும் அனுசரிக்கத்தானே வேண்டும் என்றும் எனக்குத் தோன்றியது.

தேங்காப்பட்டணத்துக்கு இறங்கியது இவருடைய பிடிவாதம். காரணம் ஏ.வி.எம். கால்வாய். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை கடலில் இறங்காமலே படகில் போக, 1860இல் திருவிதாங்கூர் மன்னர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா தொடங்கிவைத்தது. அனந்தன், விக்டோரியா, மார்த்தாண்டன் என்று சாமிக்கும் மகாராணிக்கும் மகாராஜாவுக்கும் பெயரைப் பங்கு வைத்தார்கள். வேலை மண்டைக்காட்டோடு நின்றது. பிறகு பல இடங்களில் தூர்ந்தது, ஆக்கிரமிப்பும் சேர்ந்துகொண்டது.

முகத்துவாரத்துப் பக்கம் வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம், குளச்சலுக்குக் கால்வாய் வழியாகப் படகு போகுமா என்று இவர் கேட்டார்.

“அதெல்லாம் எங்க பாட்டா காலத்துல. இப்ப அதுக்க மேல வீடுல்லா நிக்குது” என்றார் அவர். ஊசியை நிறுத்தவில்லை. “கடல் வழியாண்ணா விடியதுக்கு முன்ன வாங்க, வள்ளம் எறங்கும். சர்த்திக்கப்பிடாது, அதுதான்.”

இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பெரியவரிடம் குளச்சல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.