"அடித்தாரா?"

திருமண அருட்சாதனத்தின் மாண்பைப் பற்றி எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறேன். ஆயினும், அம்மாண்பு சிதைந்து கிடப்பதை என் சொந்த மகளின் முகத்தில் காண நேர்ந்தபோது, கண்ணிருந்தும் நான் காணாதவளாய் இருந்தேன்.

2017-ஆம் ஆண்டு ஒரு மாலைப்பொழுது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரியும் என் மகள், வேலை முடிந்ததும் கணவன் வீடு செல்லாமல், முகப்பேர் மேற்கிலுள்ள எங்கள் வீட்டிற்கு வந்தாள். "அம்மா, அங்கே என்னால் இருக்க முடியவில்லை" என்றாள்.

"மாப்பிள்ளை அடித்தாரா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"அப்படியானால் பொறுத்துப் போ. சிலுவையில்லாத குடும்பம் ஏது?" என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பினேன். புறப்படும்போது பேருந்துக்குப் பத்து ரூபாய் கேட்டாள். மாதச் சம்பளம் வாங்குகிறவளிடம் பத்து ரூபாய் ஏன் இல்லை என்று எனக்குத் தோன்றவேயில்லை!

இரண்டு ஆண்டுகள் கழித்தே முழுவதையும் அறிந்தேன். சம்பளமும் வங்கி அட்டையும் கணவனிடம். காலைதோறும் பேருந்துக் கட்டணம் எண்ணித் தரப்படும். இரவுதோறும் கைப்பேசி சோதிக்கப்படும். பிள்ளைகள் முன்னிலையில் இழிசொல். தம்பி வீட்டு விசேஷத்திற்கும் அனுமதியில்லை. படுக்கையறையில் அவள் விருப்பத்திற்கு மதிப்பில்லை. ஆனால் அவன் ஒருநாளும் கை ஓங்கியதில்லை.

நான் ஒரே கேள்வியோடு நின்றுவிட்டேன். நம் நாட்டுச் சட்டமோ அப்படி நிற்கவில்லை. 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், உடலை வருத்துவது, பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் புண்படுத்துவது, பொருளாதார ஒடுக்குமுறை என நால்வகையையும் வன்முறை என்றே கூறுகிறது. என் மகள் பட்டவற்றுள் மூன்று இதில் அடங்கும்.

குடும்பம் என்றால் பூசல் இருக்கும். பூசலில் இருவரும் பேசுவர். பின்பு சமாதானமும் ஆவர். கொடுமையிலோ ஒருவர் ஆள்வார், மற்றவர் அஞ்சி வாழ்வார். அந்த அச்சமே அடையாளம்.

புனித பவுலடியார் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 5-ஆம் அதிகாரத்தில், மனைவியின் பணிவைச் சொல்லுமுன், ஒருவருக்கொருவர் பணிந்திருக்கவே அறிவுறுத்துகிறார். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153-ஆம் சட்டமும், உடலுக்கோ மனத்திற்கோ கடும் ஆபத்து நேரின், பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டென ஏற்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட "அன்பின் மகிழ்வு" மடலில், நலிந்தவரைக் காக்கப் பிரிவு சிலவேளை அறநெறிப்படியே அவசியமாகலாம் என்றார். திருமணப் பிணைப்பு அதனால் அறுந்துவிடுவதில்லை. சிலுவை என்பது அன்பினால் நாமே ஏற்பது. பிறர் நம்மீது சுமத்தும் கொடுமைக்கு அப்பெயரிட்டு நான் பிழை செய்தேன்.

இன்று என் மகள் பிள்ளைகளோடு என்னிடம் இருக்கிறாள். பங்குத் தந்தையின் ஆலோசனையும், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் உதவியும் கிடைத்தன. அவசர வேளையில் 181 என்ற மகளிர் உதவி எண் உண்டு.

தாய்மார்களே, மகள் வாடிய முகத்தோடு வாசலில் நின்றால், "அடித்தாரா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "உன் சம்பளம் யார் கையில்? நினைத்ததைப் பேச முடிகிறதா? அவர் வரும் ஓசை கேட்டால் பயமாயிருக்கிறதா?" என்றும் கேளுங்கள். பதில் வரும்வரை அருகே அமர்ந்திருங்கள். அன்று நான் அமர்ந்திருக்கவில்லை.