முருகைக்கல்லுக்கு லைட் வாங்கிய கதை



"ஒரு மீன் தொட்டிக்கு லைட் வாங்க இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று இரண்டு மூன்று பேர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் தம்பி கட்டாரில் வேலை செய்கிறார். அவரோடு அறையில் இருந்த நண்பர் வேலை முடிந்து ஊர் திரும்பும்போது தன்னுடைய கடல்நீர்த் தொட்டியைத் தம்பியிடம் விட்டுப் போனார். 60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 36 உயரம். விளிம்பு வரை நிறைத்தால் ஏறத்தாழ 65 லீற்றர். உள்ளே இரண்டு சின்ன மீன்களும் மூன்று வகை முருகையும். ஒன்று காளான் மாதிரி, ஒன்று பொத்தான் மாதிரி, மற்றது சுத்தியல் தலை போன்ற நுனிகளோடு தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும். மூன்றும் பண்ணையில் துண்டு வெட்டி வளர்த்தவை, கடலில் உடைத்து எடுத்தவை அல்ல.

பிரச்சினை லைட்தான். பழசாகிப் பாதிக் குமிழ்கள் எரியவில்லை. முருகைகளின் நிறம் மங்கி மண்ணிறமாகிக்கொண்டு வந்தது. கடைக்காரர் பெரிய லைட் ஒன்றைக் காட்டியிருக்கிறார். அதன் விலை, தம்பி மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பும் காசுக்குக் கிட்டத்தட்டச் சமம். உம்மாவின் மருந்துச் செலவும் அந்தக் காசுக்குள்தான்.

"காக்கா, இத வாங்கினா இந்த மாசம் அனுப்ப ஏலாது. வாங்காட்டி இதுகள் செத்துப்போகுமோ? நீங்களும் மதினியும் ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

எங்களில் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், மற்றவர் கணிதம். இரவு பிள்ளைகள் படித்து முடிந்த பிறகு இருவரும் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்துவிட்டோம்.

முதல் விஷயம். முருகை செடியும் இல்லை, கல்லும் இல்லை. அது ஒரு விலங்கு. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தைக் கொண்டு ஒளித்தொகுப்புச் செய்து, கிடைக்கும் உணவில் பெரும்பகுதியை வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடுகின்றன. ஆகவே அந்தத் தொட்டிக்கு லைட் அலங்காரம் இல்லை, சோறு. குறைந்தால் பட்டினி. ஆனால் கூடினாலும் ஆபத்து என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

இரண்டாவது, நிறம். கடல் நீர் சிவப்பு ஒளியை மேல் சில மீற்றருக்குள்ளேயே உறிஞ்சிவிடும். ஆழம் வரை போவது நீலம்தான். முருகைக்குள் இருக்கும் அல்காவும் அந்த நீலத்துக்குப் பழகியது. 420 முதல் 480 நனோமீற்றர் வரையான ஒளியை நன்றாகப் பயன்படுத்தும். இந்தத் தொட்டிகள் நீலமாகத் தெரிவது அதனால்தான்.

மூன்றாவது, பெட்டியில் எழுதியிருக்கும் 'லூமன்' கணக்கு. லூமன் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்ற அளவு. நம் கண் பகலில் பச்சைப் பக்கம், 555 நனோமீற்றர் அளவில்தான் அதிகம் உணரும். வரவேற்பறைக்கு மின்குமிழ் வாங்க அது சரி, முருகைக்குச் சரிவராது. அதற்குப் பார்க்க வேண்டியது 'பார்' என்ற அளவு. 400 முதல் 700 நனோமீற்றர் வரையான, ஒளித்தொகுப்புக்கு உதவும் ஒளி ஓரிடத்தில் எவ்வளவு விழுகிறது என்று அது சொல்லும். உச்சி வெயிலில் அது 2000 அளவுக்குப் போகும். காளான், பொத்தான் வகைகளுக்கு 50 முதல் 100 போதும். சுத்தியல் தலை வகைக்கு 100 அளவில் இருந்தால் நல்லது. ஆழமில்லாத கடலில் வளரும் மான்கொம்பு வகைகள்தான் 200, 300 என்று கேட்பவை. தம்பியிடம் மான்கொம்பு வகை ஒன்றுகூட இல்லை.

இங்கேதான் கடைக்காரரின் பெரிய லைட் விழுந்தது. அது நல்ல லைட்தான், ஆனால் 36 சென்ரிமீற்றர் தண்ணீருக்கு உரியதல்ல. எங்களில் ஒருவர் சொன்னது: "வயலுக்குத் திறக்கிற வாய்க்காலைப் பூச்சட்டிக்குத் திறந்த மாதிரி."

மெற்றல் ஹேலைட் வகை முருகைக்கு நன்றாகப் பிடிக்கும், ஆனால் அடுப்பு மாதிரிச் சுடும். வளைகுடா நாட்டு அறைக்கு அது வேண்டாம். ரி5 குழல் விளக்கு ஒளியைச் சமமாகப் பரப்பும். ஆனால் காலம் போகப் போக வலு குறையும், குழல்களை மாற்ற வேண்டும். கடைசியில் 45 வாற்று எல்.ஈ.டி ஒன்றைத் தெரிவு செய்தோம். நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். வில்லை அகலம் என்பதால் ஒளி ஒரே இடத்தில் குவியாது. உயர்த்தித் தாழ்த்தத் தாங்கி உண்டு. உப்புத் தண்ணீர் தெறித்தாலும் உள்ளே போகாது. பெரிய லைட்டின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. அந்த மாதமும் வீட்டுக்குக் காசு வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

தொட்டி வளர்க்கும் இன்னொருவரிடம் பார் மீற்றரை இரவல் வாங்கித் தம்பி அளந்தார். முழு வலுவில் மணல் தரையில் 70, நடுவில் 120, மேலே 200. முழு வலுவே தேவைப்படாது என்று அப்போதே தெரிந்தது. 30 சதவீதத்தில் தொடங்கினார். நாளுக்கு ஒன்பது மணித்தியாலம் வெளிச்சம், இரவில் முழு இருட்டு.

அப்படியிருந்தும் இரண்டாவது கிழமை, லைட்டுக்கு நேர் கீழே இருந்த சுத்தியல் தலைகளின் நுனி வெளுக்கத் தொடங்கியது. தம்பி பதறிப்போய், "வெளிச்சம் காணாது போல, கூட்டட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், குறையுங்கள் என்றோம். மங்கலான லைட்டின் கீழ் மாதக்கணக்காகக் கிடந்தது அது. குறைந்த வெளிச்சத்தில் அல்கா பெருகித்தான் மண்ணிறமாகியிருந்தது. நோன்பு திறக்கும்போது ஒரேயடியாக வயிறு நிறைத்தால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். வெளிச்சம் தாங்க முடியாமல் போனால் அல்காவுக்குள் நச்சு ஒட்சிசன் வகைகள் உண்டாகும், முருகை தன் அல்காவையே வெளியே தள்ளிவிடும். வெளுப்பு என்பது அதுதான். வெளுத்ததும் செத்தது என்று அர்த்தமில்லை, பட்டினியில் இருக்கிறது என்று அர்த்தம்.

20 சதவீதத்துக்குக் குறைத்து, அதை ஓரமாக நகர்த்தி, கிழமைக்கு இரண்டு தடவை பொடி இறால் கொடுத்தார். பிறகு கிழமைக்கு ஐந்து சதவீதமாகக் கூட்டினார். இரண்டு மாதத்தில் நிறம் திரும்பியது. ஐந்து தலைகளில் ஒன்று மட்டும் தப்பவில்லை.

இதை வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒருநாள் கேட்டார்கள்: "நிலாவெளிக்குப் போகக்குள்ள ஒரு சின்ன முருகைக்கல் எடுத்து வந்து சாச்சா மாதிரி வளர்ப்பமா?" அதே கேள்வியைத் தரம் 8 மாணவர் ஒருவரும் கேட்டார். அதனால் எல்லோருக்கும் சொல்கிறோம்.

உயிருள்ள முருகையைக் கடலில் இருந்து எடுப்பது இலங்கையில் சட்டப்படி குற்றம். புறா மலை 2003 முதல் தேசியப் பூங்கா. சட்டத்தை விடுங்கள், கணக்கையே பாருங்கள். 45 வாற்று லைட் ஒன்பது மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 12 அலகு. நீரோட்டப் பம்பியும் நீரைக் குளிராக்கும் செலவும் வேறு. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். ஒருநாள் வெளிச்சம் இல்லாவிட்டால் முருகை தாங்கும். பம்பி நின்றால் ஒட்சிசன் இல்லாமல் சில மணித்தியாலங்களிலேயே தொட்டி முழுதும் சிக்கலாகிவிடும். வாளியில் கொண்டுவரும் கல் நம் வீட்டு மின்குமிழின் கீழ் சில நாட்களில் வெறும் சுண்ணாம்புதான்.

இன்னொன்றும் உண்டு. கடல் சூடேறியிருக்கும்போது வழமையான வெயில்கூட முருகைக்கு அதிகமாகிவிடும். 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக் கடலிலும் முருகைகள் வெளுத்து மடிந்தது அப்படித்தான். தம்பியால் லைட்டை 20 சதவீதத்துக்குக் குறைக்க முடிந்தது. சூரியனை யாரும் குறைக்க முடியாது. நம்மால் முடிந்தது, அந்தக் கற்களுக்கு வேறு கரைச்சல் கொடுக்காமல் இருப்பது. மிதித்தால் உடையும். மணலைக் கிளறினால் சேறு படிந்து வெளிச்சத்தை மறைக்கும்.

வெளிநாட்டில் தொட்டி வைத்திருக்கும் நம் தம்பிமாருக்கு: முதலில் உங்களிடம் இருக்கும் முருகை என்ன வகை என்று பாருங்கள், பிறகு லைட்டைப் பாருங்கள். பார் மீற்றரை இரவல் வாங்கி அளவுங்கள். குறைவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள்.

விடுமுறைக்குப் புறா மலை போகிறவர்களுக்கு: முகக்கண்ணாடி போட்டு மேலே மிதந்தபடியே பாருங்கள். எழும்பி நிற்க வேண்டி வந்தால், கீழே மணல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காலை வையுங்கள். பிள்ளைகளுக்கும் இதைப் படகில் ஏறுமுன்பே சொல்லிவிடுங்கள்.