கியூ பூங்காவில் ஒரு பகல்

சென்ற ஆண்டு இலண்டன் மாநகரப் பங்கு ஒன்றில் ஒரு மாத காலம் உதவிப் பணியாற்றும் வாய்ப்புக் கிட்டிற்று. நவம்பர் முதல் வாரத்தில் ஓய்வுநாள் ஒன்று கிடைக்கவே, கியூ தாவரவியல் பூங்காவைக் காணச் சென்றேன். என் முன்னாள் பங்கைச் சேர்ந்த பெண்ணொருத்தி உடன் வந்தாள். நிலத்தோற்ற வடிவமைப்பில் பட்டம் பெற்று இலண்டனிலேயே தொழில் புரிபவள்.

"இலையுதிர்காலத்தில் பூங்காவில் காண்பதற்கு என்னம்மா இருக்கும்?" என்றேன்.

"இப்போதுதான் சாமி பார்க்க முடியும். கோடையில் பூக்கள் கண்ணை மறைத்துவிடும்."

மரத்தைப் பாராமல், மரங்களுக்கிடையே விடப்பட்டுள்ள வெளியைப் பார்க்கச் சொன்னாள். 1848-இல் கட்டி முடிக்கப்பெற்ற கண்ணாடிப் பனைமனையின் மேற்புறம் நின்றால், வாத்தின் விரல்களைப் போல் நெடிய பார்வைவழிகள் விரிந்து செல்கின்றன. ஒன்றின் முடிவில் 1762-இல் எழுந்த பத்தடுக்குச் சீனப் பாணிக் கோபுரம்; மற்றொன்றின் முடிவில் தேம்ஸ் நதி. வகுத்தவர் நெஸ்ஃபீல்டு என்பார். முன்னாள் படைவீரர், நீர்வண்ண ஓவியர். தாம் நட்ட கன்றுகள் இவ்வாறு ஓங்கி நிற்பதைக் காண முடியாது என்று அறிந்தே அவர் கோடு போட்டிருக்க வேண்டும்.

மஞ்சள் இலைகள் அத்தனை எடுப்பாகத் தோன்றுவதன் காரணத்தையும் அவளே காட்டினாள். பின்னால் இலையுதிராக் கரும்பச்சை மரங்கள் நிற்கின்றன. நாங்கள் தாழ்ந்த கதிரவனை நோக்கி நடந்தமையால் ஒளி இலைகளின் ஊடே வந்தது. அதே மரங்களைத் திரும்பி நோக்கினால் அழகு பாதியாகிவிடுகிறது! இலையின் பசுமை சிதையும்போது, முன்பே உள்ளே இருந்த மஞ்சள் வெளிப்படுகிறதாம். சிவப்போ பெரும்பாலும் அப்பருவத்தில் புதிதாக உண்டாவதாம்.

1762-இல் நட்ட கிங்கோ மரத்தடியில் விசிறி போன்ற இலைகள் பொன்விரிப்பாகக் கிடந்தன. பெயர்ப்பலகையில் 'பைலோபா' என்றிருந்தது. இருமடல் கொண்டது என்று பொருள் சொன்னேன். குருமடத்து இலத்தீன் எனக்குப் பயன்பட்ட சில தருணங்களுள் அதுவும் ஒன்று.

பின்னர் அவள் என்னை 1798-இல் நட்ட டர்னர் ஓக் மரத்தின் முன் நிறுத்தினாள். 1987 அக்டோபர் 16 அதிகாலையில் வீசிய பெரும்புயலில் கியூவில் மட்டும் ஏறத்தாழ 700 மரங்கள் வீழ்ந்தன. ஏற்கெனவே நலிந்திருந்த இந்த ஓக் மரத்தைக் காற்று வேரோடு தூக்கி, அதே இடத்தில் திரும்ப வைத்தது. தாங்கு கொடுத்து விட்டுவிட்டார்கள். மூன்றாண்டு கழித்துப் பார்த்தால், மரம் முன்னிலும் செழித்திருந்தது! பார்வையாளர் கால்பட்டு இறுகிய மண்ணில் வேருக்குக் காற்றில்லாமையே அதன் நோய் என்றும், புயல் அம்மண்ணை நெகிழ்த்திவிட்டது என்றும் அப்போதுதான் விளங்கிற்று. அதுமுதல் அங்கே மரங்களைச் சுற்றி அழுத்தக் காற்றைச் செலுத்தி மண்ணைத் தளர்த்துகிறார்கள்.

எனக்குப் பேச்சு எழவில்லை. எங்கள் ஆலய முற்றத்து வேம்பைச் சுற்றி அடிமரம் வரை சிமெண்டுக் கல் பதிக்கச் சொன்னவன் நானே. திருவிழாக் கூட்டத்துக்குச் சேறில்லாத முற்றம் வேண்டும் என்பது என் நியாயம். "மரம் என்னாகும் சாமி?" என்று கேட்ட முதியவர் ஒருவரைப் பங்குப் பேரவையில் சற்றுக் கடுமையாகவே அடக்கினேன். மூன்றாம் ஆண்டில் உச்சிக் கிளைகள் காய்ந்தன. பூச்சி விழுந்துவிட்டது என்று கூறி, மரத்தை வெட்ட ஆளும் பேசி வைத்துவிட்டே விமானம் ஏறியிருந்தேன்.

அங்கிருந்த பலகை இருக்கையில் அமர்ந்து உபதேசியாரைத் தொலைபேசியில் அழைத்தேன். வெட்டுவோர் மறுநாள் வருவதாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். காரணம் கேட்டார், வந்து சொல்கிறேன் என்றேன்.

ஊர் திரும்பிய வாரமே, ஞாயிறு திருப்பலிக்குப்பின் என் தவற்றைச் சபையில் சொல்லி, கற்களைப் பெயர்க்க உதவி கேட்டேன். கடப்பாரையோடு முதலில் வந்து நின்றவர் அந்த முதியவர்தாம். பழைய பேச்சு எதையும் அவர் எடுக்கவில்லை. "எந்தப் பக்கமிருந்து சாமி தொடங்கலாம்?" என்று மட்டும் கேட்டார்.