பிள்ளையின் காலளவில் ஒரு பயணம்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் மாரண்டஹள்ளியில் வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி எழும்: "பெங்களூருக்கு எப்போது போகிறோம்?" பிள்ளைகள் அப்படிக் கேட்கும்போது அவர்கள் மனத்தில் இருப்பது லால்பாக்கும் அன்று, கப்பன் பூங்காவும் அன்று. மைசூர்ச் சாலையில் இருபத்தெட்டாம் கிலோமீட்டரில், பிடதிக்கு அருகே 2005-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் வொண்டர்லா என்னும் கேளிக்கைப் பூங்காவைத்தான் அவர்கள் பெங்களூர் என்கிறார்கள். நாமும் நம் வீட்டுப் பிள்ளைகளோடு இத்தகைய பூங்காக்களுக்குச் சென்று வந்திருக்கிறோம். பத்து வயதுப் பிள்ளையோடு செல்வது ஒரு பயணம். நான்கு வயதுப் பிள்ளையோடு செல்வது முற்றிலும் வேறொரு பயணம். பின்னதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

இப்பூங்காக்கள் பிறந்த கதை சற்றுச் சுவையானது. அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கிரிஃபித் பார்க் என்றொரு பெரும் பூங்கா. அங்கே தம் பெண்மக்கள் இருவரும் குடைராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, வால்ட் டிஸ்னி தாம் மட்டும் ஓரமாகப் பெஞ்சில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓரிடம் இல்லையே என்று அப்போது எழுந்த எண்ணமே பிற்காலத்தில் டிஸ்னிலாண்டாக வளர்ந்தது என்று அவரே கூறியிருக்கிறார். அனாஹைம் நகரில் 1955 ஜூலை 17 அன்று அது திறக்கப்பட்டது. திறப்பு நாளிலோ போலிச் சீட்டுகளோடு ஆயிரக்கணக்கானோர் உள்ளே புகுந்துவிட்டனர். வெயிலில் புதுத் தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் தரையில் புதைந்தன. குடிநீர்க் குழாய்களும் போதவில்லை. அத்தனை பெரிய கேளிக்கைப் பூங்காவே தன் முதல் நாளில் தாகத்தாலும் நெரிசலாலும் தவித்தது என்பதைக் குழந்தையோடு புறப்படுவோர் நினைவில் வைப்பது நல்லது.

நம் நாட்டில் இக்கலை பிந்தியே வந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் யானைச் சின்னத்தின் பெயரைத் தாங்கி, புதுதில்லியில் 1984-இல் அப்பு கர் தோன்றியது. 2008-இல் அது மூடப்பட்டது. கொச்சியில் 2000-இல் வீகாலாண்ட் என்ற பெயரில் தொடங்கிய பூங்காவின் தொடர்ச்சிதான் பிடதியில் உள்ளது. 2025 டிசம்பரில் அந்நிறுவனமே சென்னைக்கு அருகே, திருப்போரூர்ப் பக்கம் இள்ளலூரிலும் ஒன்றைத் திறந்திருக்கிறது. ஆயினும் தர்மபுரி மாவட்டத்தின் வடகோடியில் இருக்கும் நமக்குப் பிடதியே அருகில்.

இனி, சீட்டுக்கு வருவோம். நம் தலைமுறையினர் ராட்டினம் ஏறியது சந்தனக்கூட்டுத் திடலிலும் ஊர்த் திருவிழாக்களிலும்தான். ஓர் ஆட்டத்துக்கு ஒரு காசு. கையில் இருந்தது இரண்டு ஆட்டத்துக்கு உரிய காசு என்றால், எதில் ஏறுவது என்று திடல் முழுதும் சுற்றிப் பார்த்து, எண்ணித் துணிந்து, ஏறி இறங்கி, நிறைந்த மனத்தோடு வீடு திரும்புவோம். டிஸ்னிலாண்டிலும் முதலில் ஏறத்தாழ அதே முறைதான். ஆட்டத்துக்கு ஆட்டம் தனிச் சீட்டு கிழித்துக் கொடுக்கும் சிறு புத்தகங்களை அங்கே விற்றுவந்தார்கள். 1982-இல் அதனைக் கைவிட்டு, வாயிலில் ஒரே கட்டணம் செலுத்தினால் நாள் முழுதும் எதில் வேண்டுமானாலும் ஏறலாம் என்று ஆக்கினர். இன்று நம் நாட்டிலும் பெரிய பூங்காக்களில் இதுவே வழக்கம்.

இது வசதியான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த ஒற்றைச் சீட்டு பெரியவர்களின் நெஞ்சில் ஒரு கணக்கை மூட்டிவிடுகிறது. இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோம், இத்தனை ஆட்டம் இருக்கிறது, ஒன்றையும் விடக்கூடாது என்ற கணக்கு அது. அளவில்லாச் சாப்பாடு என்று பலகை தொங்கும் உணவகத்தில் சிலர் உண்ணும் விதத்தை ஒத்தது இது. அங்கே கேடு உண்பவன் வயிற்றுக்கு. இங்கே அந்தக் கணக்கைத் தீர்ப்பது ஒரு சிறு குழந்தையின் கால்கள்.

ஒரு பூங்காவில் நாம் கண்டது இது. பிற்பகல் மூன்று மணி இருக்கும். மூன்று நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி தரையில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தாள். "எழுந்திரு, இன்னும் பாதிகூடப் பார்க்கவில்லை" என்று தந்தை கையைப் பிடித்து இழுக்கிறார். அவர் கொடியவர் அல்லர். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பல மாதம் சேர்த்த பணமாக இருக்கலாம். ஆனால் அந்தச் சிறுமிக்கு அன்றைய நாள் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது.

நம் பேரனின் கதை வேறு. கோபுர உயரத்து ராட்டினத்தையும் தலைகீழாகச் சுழலும் வண்டிகளையும் அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. சிறுவர் பகுதியில் இருந்த குடைராட்டினத்தில் ஒரு வெள்ளைக் குதிரையைப் பிடித்துக்கொண்டான். இறங்கியதும், "நன்னா, இன்னொரு தடவை" என்பான். மறுபடியும் வரிசை, மறுபடியும் அதே குதிரை. ஐந்தாம் முறை நன்னிமாவின் கால் வலித்தது. ஆறாம் முறை நாம் துணை நின்றோம். ஊரில் பத்து ரூபாய்க்குக் கிடைப்பதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அருகில் நின்ற ஒருவர் சிரித்தார். அந்தக் குதிரையில் அமர்ந்திருந்த முகத்தை அவர் பார்க்கவில்லை போலும்.

ஆகையால் நாம் முதலில் சொல்வது இதுதான். சீட்டு வாங்கிய கணமே அப்பணத்தை மறந்துவிடுங்கள். குழந்தைக்கென்று மூன்று நான்கு ஆட்டங்களை மட்டும் எண்ணிச் செல்லுங்கள். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் உபரி.

அடுத்தது உயரம். இப்பூங்காக்களில் கட்டணத்தைப் பெரும்பாலும் வயதைக் கொண்டு வகுப்பதில்லை. உயரத்தைக் கொண்டே வகுக்கிறார்கள். ஒவ்வோர் ஆட்டத்தின் வாயிலிலும் ஓர் அளவுகோல் நிற்கும். பெரிய ஆட்டங்களுக்கு 140 சென்டிமீட்டர் என்பது நம் நாட்டுப் பூங்காக்களில் அடிக்கடி காணும் வரம்பு. நான்கு வயதுக் குழந்தையோ ஏறக்குறைய 100 சென்டிமீட்டர்தான் இருக்கும். புறப்படுவதற்கு முன்பே வீட்டுச் சுவரில் குழந்தையை நிறுத்திப் பென்சிலால் ஒரு கோடு இழுங்கள். பூங்காவின் இணையத்தளத்தில் உயர வரம்புகளைப் பார்த்து, எவற்றில் ஏறலாம், எவற்றில் ஏற இயலாது என்பதைக் குழந்தைக்கு அங்கேயே சொல்லிவிடுங்கள். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, முகப்பில் திருப்பி அனுப்பப்படும் குழந்தையின் ஏமாற்றம் சொல்லி மாளாது.

அளவுகோலை ஏமாற்ற முயல்வோரும் உண்டு. கனத்த அடியுள்ள காலணியை மாட்டுவதும், பெருவிரலில் எம்பி நில் என்று காதில் ஓதுவதும் நாம் கண்டவையே. இருக்கையின் மேல் வந்து விழும் தடுப்புக் கம்பி ஒரு குறிப்பிட்ட உடல் அளவை எண்ணிச் செய்யப்பட்டது. அதனினும் சிறிய உடல் அதற்கும் இருக்கைக்கும் இடையே நழுவக்கூடும். சிறு குழந்தையின் தலை உடலை நோக்கப் பெரியது, கழுத்தோ மெலிந்தது; திடீர்த் திருப்பங்களின் உலுக்கலை அது தாங்காது. கோலின் அருகே நிற்கும் ஊழியர் மறுக்கும்போது வாதாடுவதை விட்டு நன்றி சொல்லி நகர்வதே தகும்.

போய்ச் சேரும் வழியிலும் சிந்திக்க வேண்டியது உண்டு. சேலம் பெங்களூரு இருப்புப்பாதையில், பாலக்கோட்டுக்கும் இராயக்கோட்டைக்கும் இடையே இருக்கிறது நம் ஊர் நிலையம். ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு ரயிலில் சீட்டும் தேவையில்லை. பெங்களூரு மெஜஸ்டிக்கில் மெட்ரோ ரயிலின் ஊதாப் பாதையில் ஏறினால், 2023 அக்டோபர் முதல் மைசூர்ச் சாலையில் சல்லகட்டா வரை செல்லலாம். அங்கிருந்து பிடதி தொலைவில்லை. ஆனால் விடியற்காலையில் எழுப்பி, ரயிலும் மெட்ரோவும் பேருந்துமாக மாற்றி மாற்றிக் கொண்டுபோய்ப் பூங்கா வாயிலில் இறக்கினால், குழந்தை உள்ளே நுழையும்போதே வாடியிருக்கும். முதல் நாள் மாலையே சென்று உறவினர் வீட்டில் தங்குவது நலம். பெங்களூரில் ஒரு மாமியோ சாச்சாவோ இல்லாத குடும்பம் நம் பக்கத்தில் அரிது. போவது விடுமுறை நாளாக இராமல் பார்த்துக்கொள்க. இன்னும் பள்ளியில் சேராத பிள்ளைக்கு ஆண்டு முழுதும் விடுமுறைதானே! ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறந்தபின், வாரத்தின் நடுவே ஒரு செவ்வாயோ புதனோ சென்றால், மே மாதக் கூட்டத்தில் பாதியும் இராது.

தண்ணீர் விளையாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அலைக்குளம் என்று ஒன்று இருக்கும். குளத்தின் ஆழமான முனையில், சுவருக்குப் பின்னுள்ள அறைகளில் காற்றை விட்டு விட்டு அழுத்தி நீரைத் தள்ளுவார்கள். அது அலையாக எழுந்து கரையை நோக்கி வரும். அலை தொடங்கப்போகிறது என்றதும் கூட்டம் முழுதும் ஆர்ப்பரித்து உள்ளே ஓடும். சிறு குழந்தைக்கு அந்நேரம் அலையைக் காட்டிலும் மனிதக் கால்களால்தான் ஆபத்து. பஞ்சப்பள்ளி அணைப் பக்கம் வாய்க்காலில் விளையாடிப் பழகிய பிள்ளைதானே என்று எண்ணிவிடலாகாது. தண்ணீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. மூச்சு விடவே இடமில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? ஓசையின்றி, ஓரிரு நிமிடத்தில் எல்லாம் நடந்துவிடும். காவலர் நிற்கிறார் என்பது உண்மை; ஆனால் அவர் பார்ப்பது நூறு தலைகளை. குழந்தை எட்டிப் பிடிக்கும் தூரத்திலேயே இருக்க வேண்டும். அந்நேரம் பெரியவர் கையில் கைப்பேசி இருக்கக்கூடாது. இருவர் சென்றால், "இப்போது பார்த்துக்கொள்வது நீங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படையுங்கள். இருவரும் பார்க்கிறோம் என்ற நினைப்பில் ஒருவரும் பாராதிருப்பதே வழக்கமாக நிகழ்வது.

உடை பற்றியும் நம் குடும்பப் பெண்கள் கேட்பது உண்டு. பருத்தி ஆடையோடு குளங்களில் இறங்கப் பெரும்பாலும் விடுவதில்லை. நூல் பிரிந்து நீரை வடிகட்டும் பொறியில் சிக்கும், சாயமும் இறங்கும் என்பதே காரணம். நைலான் போன்ற துணியில் தைத்த உடை வேண்டும். உடல் முழுதும் மறைக்கும் நீச்சலுடை இன்று கடைகளில் கிடைக்கிறது. 2004-இல் ஆஸ்திரேலியாவில் அதனை வடிவமைத்தவர் அஹேதா ஸனெட்டி என்னும் பெண்மணி, லெபனானில் பிறந்தவர். தலைமறைப்போடு விளையாட முடியாமல் தவித்த தம் உறவுச் சிறுமியைக் கண்டு முதலில் விளையாட்டுடையும், பின்னர் நீச்சலுடையும் வடிவமைத்தார். அவ்வுடையை ஏற்கிறார்களா என்று பூங்காவுக்கு முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வாயிலில் நின்று விவாதிப்பது குழந்தையின் நேரத்தைத் தின்னும்.

கூட்டத்தில் பிள்ளை தவறிப்போவதை எண்ணினாலே தாய்மார்க்கு நெஞ்சு படபடக்கும். காலையில் உள்ளே நுழைந்ததும், அன்று அணிந்திருக்கும் உடையோடு குழந்தையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேட நேர்ந்தால், என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் மறந்துபோகும், படம் மறக்காது. கைப்பேசி எண்ணைச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையின் உட்புறம் வைத்துத் தையுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டா. பெயர் சொல்லி அழைப்பவரைக் குழந்தை எளிதில் நம்பிவிடும். காணாமற்போனால் ஓடாமல் அதே இடத்தில் நிற்கவும், சீருடை அணிந்த ஊழியரிடமோ குழந்தையோடு இருக்கும் ஓர் அம்மாவிடமோ சொல்லவும் கற்றுக்கொடுங்கள். எல்லையோரத்து மக்களாகிய நம் பிள்ளைகள் கன்னடத்தையும் தெலுங்கையும் தெருவிலேயே கேட்டு வளர்வது இங்கே ஒரு பேறு.

உணவை வெளியிலிருந்து கொண்டுசெல்லப் பெரும்பாலான பூங்காக்கள் விடுவதில்லை. குழந்தைக்குரிய உணவுக்குச் சில இடங்களில் விலக்கு அளிப்பதால், அதையும் முன்னரே கேட்டறிக. காலையில் வயிறு நிறையக் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். உள்ளே இறைச்சி பற்றி ஐயமிருந்தால் தயிர்ச்சோறும் சாம்பார்ச்சோறும் இருக்கவே இருக்கின்றன. கேட்காவிட்டாலும் அரைமணிக்கு ஒருமுறை தண்ணீர் கொடுங்கள். லுஹர் நேரத்தில் நிழலான மூலை ஒன்றைத் தேடிப் பெரியவர்கள் முறை வைத்துத் தொழுதுகொண்டால், குழந்தைக்கும் அதுவே ஓய்வு வேளையாகிவிடும். நம் பேரன் அவ்வேளையில் நன்னிமாவின் மடியில் முக்கால் மணி நேரம் உறங்கினான்.

வீட்டில் மூத்த பிள்ளையும் இருந்தால் குடும்பம் இரண்டாகப் பிரிந்துகொள்வதே வழி. அத்தா மூத்தவனோடு பெரிய ஆட்டங்களுக்குப் போகட்டும். அம்மா சிறியவனோடு இருக்கட்டும். ஒரு மணிக்குப் பின் மாற்றிக்கொள்ளட்டும். எல்லாரும் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஒருவனுக்குப் பொறுமை போகும், மற்றவனுக்கு அழுகை வரும்.

நான்கு மணிக்கு மேல் குழந்தையை வைத்திருக்க வேண்டா. மாலையில் எல்லாரும் ஒருசேரப் புறப்படும்போது பேருந்தில் இடம் பிடிப்பது குழந்தையோடு இயலாத காரியம். புறப்படுமுன் ஈர உடைகளைத் தனிப் பையில் கட்டி, உலர்ந்த சட்டை மாற்றிவிடுங்கள். வெளியேறும் வழியில் பொம்மைக் கடை இருப்பது பூங்காக்களில் பொதுவழக்கம், அது தற்செயலானதன்று. என்ன வாங்குவது, எவ்வளவுக்கு வாங்குவது என்பதைக் காலையிலேயே குழந்தையோடு பேசி முடித்துக்கொள்ளுங்கள். நம் பேரன் ஒரு பலூன் என்று ஒப்புக்கொண்டு வந்தான். பலூனோடுதான் ரயில் ஏறினான். இராயக்கோட்டை தாண்டுமுன் அது வெடித்துவிட்டது. அவன் உறக்கத்தில் இருந்தமையால் அறியவில்லை.