கல்லாற் சமைத்த ஈம இல்லங்கள்

தம்புள்ளை என்றதும் நம் நினைவுக்கு வருவன குகைக் கோயிலும் அதன் ஓவியங்களுமே. ஆயினும், அந்நகருக்குத் தென்மேற்கே சில கிலோமீற்றர் தொலைவில் உள்ள இப்பன்கட்டுவ என்னும் இடத்தில் அவற்றினும் பழைமையான சின்னங்கள் கிடக்கின்றன. குகைகளின் நெற்றியில் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பெறுவதற்கு முன்னரே அங்கு வாழ்ந்த மக்கள், தம்முள் இறந்தோருக்கு எடுத்த கல்லறைகளே அவை. வரலாறு பயிலும் மாணவர் ஒருமுறையேனும் சென்று காணத்தக்க இடம் இது.

1970இல் அறியப்பட்ட இவ்வீமக்காட்டை, 1980களில் இலங்கை அறிஞரும் ஜெர்மானிய அறிஞரும் கூடி அகழ்ந்தாராய்ந்தனர். 2015இலும் அகழ்வு நிகழ்ந்தது. இக்கல்லறைகள் கி.மு. முதலாம் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை என்பது கரிமக் கணிப்பினாற் பெறப்பட்ட முடிபு. ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று நாம் கொள்ளலாம்.

கல்லறைகள் இங்கே தனித்தனியாகச் சிதறிக் கிடக்கவில்லை. கொத்துக் கொத்தாக அமைந்துள்ளன. உயிரோடிருந்த காலத்தில் ஒரே முற்றத்திற் கூடி வாழ்ந்தவர், மாண்ட பின்னரும் அருகருகே இடம் பெற்றனர் போலும் என்று நாம் எண்ணத் தோன்றுகின்றது.

இவற்றை எவ்வாறு அமைத்தனர்? பாறை பெரும்பாலும் படை படையாகப் பிளவுறும் இயல்பினது. அப்பிளவுகளை அறிந்து பலகை போன்ற கற்களைப் பெயர்த்தெடுத்தனர். பின்னர் நிலத்திற் குழி தோண்டி, நான்கு பலகைகளை நான்கு புறமும் செங்குத்தாக நிறுத்தினர். இவ்வாறு அமைந்த கற்பேழையினுள் எரித்த உடலின் சாம்பலையும் எலும்பையும் இட்டு, மட்கலங்களையும் உடன் வைத்தனர். ஈற்றில் பெரியதொரு பாறையால் மூடினர். பேழை நிலத்துள் அமைந்தமையால் மூடுகல்லை உயரத் தூக்க வேண்டிய தேவை இருக்கவில்லை; நிலத்தின் மேலாகவே நகர்த்தி வாயை மூடிவிடலாம். எனினும் அக்கல்லை நகர்த்துதல் ஒரு குடும்பத்தால் மட்டும் ஆகக்கூடிய காரியமன்று. ஊரே திரண்டு தோள் கொடுத்திருத்தல் வேண்டும்.

இவ்வகைக் கல்லறையைக் கற்பதுக்கை என்பர். இதே அமைப்பை நிலத்தின் மேல் எடுப்பின் அது கல்திட்டை எனப்படும். தமிழகத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்திலும், கேரளத்து மறையூரிலும் கல்திட்டைகளை இன்றும் காணலாம். இங்கே மூடுகல்லை உயரத்தில் ஏற்ற வேண்டும். பக்கக் கற்களின் உச்சி வரை மண்ணைச் சரிவாகக் குவித்து, அதன்மீது கல்லை இழுத்தேற்றிய பின் மண்ணை அகற்றியிருப்பர் என்று கருதுவர். சிலவற்றின் ஒரு பக்கப் பலகையில் வட்டமான துளையொன்று உண்டு. இல்லத்துக்கு வாயில் வேண்டுமன்றோ? கேரளத்தில் விரித்த குடைபோன்ற குடைக்கல்லும் உண்டு. கல் வட்டங்களோ பல இடங்களிற் காணப்படுகின்றன.

நமது நாட்டின் வடமேற்கே, வில்பத்துக் காட்டைச் சார்ந்த பொம்பரிப்பில் வேறொரு முறையைக் காண்கின்றோம். அங்கே எலும்புகளைப் பெரிய மட்தாழிகளில் இட்டுப் புதைத்தனர். கடலுக்கு அப்பால் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரும் தாழிகளால் புகழ்பெற்றதே. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980இல் அகழ்ந்தபோதோ, உடலை நீட்டிக் கிடத்திப் புதைத்தமை தெரியவந்தது. பாறை கிடைத்தவிடத்துக் கல்லும், களிமண் கிடைத்தவிடத்துத் தாழியும் பயன்பட்டன என்று மட்டும் கூறிவிட முடியாது. அவ்வவ்வூர் வழக்கமும் இதிற் கலந்திருக்கும். ஈமமுறைகள் பலவாக இருந்தமைக்கு நம் இலக்கியமும் சான்று. சுடுதல், குழியிற் புதைத்தல், தாழியாற் கவித்தல் முதலிய பலவற்றை மணிமேகலை ஒருங்கே எண்ணிக் காட்டுகின்றது.

அடக்க முறை ஒத்திருத்தலைக் கண்டு, மொழியும் இனமும் ஒன்றே என உடனே முடிவு கட்டுதல் தகாது. ஆனால் இம்மக்கள் தனித்து வாழ்ந்தவரல்லர் என்பது உறுதி. இப்பன்கட்டுவக் கல்லறைகளிற் கிடைத்த செந்நிறச் சூதுபவள மணிகளுக்குரிய கல் இந்தியாவிலிருந்து வந்தது. உட்புறம் கறுத்தும் வெளிப்புறம் சிவந்தும் இருக்கும் மட்கலங்கள் தென்னிந்தியாவிலும் ஈழத்திலும் ஒருங்கே கிடைக்கின்றன.

இத்தகைய இடங்கள் பலவற்றுக்குப் புதையல் ஆசையே பகை. பொன் கிடைக்கும் என்றெண்ணி மூடுகல்லைப் புரட்டுவோர் காண்பது பெரும்பாலும் சாம்பலும் ஓடுமே. ஆயின் அவ்வோடு எந்தக் கல்லறையில், எந்த ஆழத்தில், எதன் அருகே இருந்தது என்பதே ஆராய்ச்சியாளருக்குச் செல்வம். ஒருமுறை கலைந்துவிடின் அதனை மீளப் பெறுதல் இயலாது. எழுத்தொன்றும் விட்டுச் செல்லாத மக்களைப் பற்றி நாம் அறிதற்கு வேறு ஏடு இல்லை.

அம்மக்கள் குடியிருந்த வீடுகள் மண்ணோடு மண்ணாயின. நெடுநாள் நிலைக்கும் கல்லை அவர்கள் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை, மாண்டவர்க்கே கொடுத்தனர். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் அங்குள்ள மூடுகல் ஒன்றைக் காட்டி, இதனை நகர்த்த எத்தனை பேர் வேண்டியிருந்திருக்கும் என்று கேட்பாராக. விடையை எண்ணிப் பார்க்கும் பிள்ளை, அன்றைய ஊரொன்றின் ஒற்றுமையைத் தானே கண்டுகொள்ளும்.